கோட்டில் விழுந்த பந்து

ரசலையன் செத்துப்போனான் என்று
சபை மணி அடித்தபோது நான்
அவனுக்க வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.
எனக்க வரப்பு என்றும் சொல்லலாம்.
அந்தச் சந்தேகம் பதினொரு வருசம்
நாகர்கோவில் கோர்ட்டில் கிடந்தது.

செண்பகராமன்புதூர் ஏலாவில்
காற்று முட்டி நிற்க ஒரு சுவர் கிடையாது.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால்
நெல்லைப் படுக்கவைத்துவிட்டுத்தான் மறுமூச்சு.
எல்லோரும் அதை ஏசினோம்.
அவன் பட்டம் விட்டான்,
நாற்பத்தாறு வயசில், நடவு நாளில்.
நடவுக்காரிகள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

ஒன்றரை ஏக்கர், வருசத்துக்கு இரண்டு பூ.
கன்னிப்பூ அறுத்துக் கும்பப்பூ நடும்வரை
மனுசன் சீட்டு விளையாடலாம், சும்மா உறங்கலாம்.
இவன் தேனீ வளர்த்தான்.
கொட்டு வாங்கி ஒரு கண் மூடிப்போன முகத்தோடு
ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு
ஃபிடில் வாசித்தான், சுருதி சேராமல்.
பிளாஸ்டிக் குழாயில் கண்ணாடி பொருத்திப் பார்த்து
‘வியாழனுக்கு நாலு நிலாவாக்கும் வேய்’ என்றான்.
எனக்கு இருக்கிற ஒன்று போதும் என்றேன்.

ராத்திரி ரேடியோவில் இரைச்சலைத் திருகித் திருகி
எங்கேயோ ஒரு தேசத்துக்க வானிலை கேட்பான்.
அங்கே பனி விழுந்தால்
விடியற்காலை மாட்டிடம் சொல்வான்.
அந்த நிலையங்கள் அனுப்பிய வண்ண அட்டைகள்
தொழுவச் சுவரில் வரிசையாக,
சாணித் தெறிப்போடு.

இவனுக்கு விவசாயம்தான் பொழுதுபோக்கு என்று
டீக்கடையில் நான்தான் சொன்னேன்.
சிரிக்காத ஆள் இல்லை.
எனக்க வயலைவிட இரண்டு மூட்டை
அவன் எப்போதும் கூட அறுத்தான்;
அதை நான் சொல்லவில்லை.

சாயங்காலம் வாலிபால் போட்டிக்கு அவன் நடுவர்.
கழுத்தில் கிடக்கும் விசில்
பகலில் கிளி விரட்டுகிற அதே விசில்.
கோட்டில் பட்ட பந்து உள்ளே என்று
ஒருமுறை மச்சான் அணியைத் தோற்கடித்தான்.
மச்சான் இரண்டு கிறிஸ்மசுக்கு வீட்டுப்படி ஏறவில்லை.

பிறகு வழக்கு.
வரப்பு எப்போது நகர்ந்தது என்று
எனக்க வக்கீல் சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டார்.
அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான்.
இருபத்தாறு வருசத்து மழை,
ஊறுகாய்க் குப்பியில் பிடித்து அளந்தது.
‘ஐப்பசி இருபத்திரண்டு, ராத்திரி.
குப்பி நிறைஞ்சு வழிஞ்சிற்று, கணக்கு சரியாத் தெரியாது.
காலம்பற பாத்தா வரப்பைக் காணல்ல.
நான் திரும்பப் போட்டது
ஒரு முழம் இவருக்க பக்கம் தள்ளி இருக்கலாம்.’

அவனுக்க வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து ஏத்தன்பழ பஜ்ஜி வாங்கித் தந்தான்.
ஜெயித்தவன் நான், காசு கொடுத்தவன் அவன்.
பஜ்ஜி நல்லா இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.
பதினொரு வருசமாக அந்த நோட்டு
கையில் இருந்ததா என்று கேட்டேன்.
‘நீரு மழையைப் பத்திக் கேக்கவே இல்லையே வேய்.’

பதினாறாம் நாள் ஜெபம் முடிந்து
புஷ்பபாய் சாமான்களைப் பங்கு வைத்தாள்.
குழாய்க் கண்ணாடி பள்ளிக்கூடத்துக்கு.
ஃபிடில், ஆச்சரியம், மச்சானுக்கு.
தேனீக்கள் யாரையும் கேட்காமல் போய்விட்டிருந்தன.
திறந்து போட்ட ஆறு கடிகாரங்களை
எது எதனுடைய சக்கரம் என்று தெரியாமல்
ஒரே சாக்கில் கட்டினார்கள்.
‘உமக்கு என்ன வேணும்’ என்றாள்.
விசில் என்றேன்.
வழக்குக்காரனைப் பார்ப்பதுபோல் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
முந்தானையில் துடைத்துத் தந்தாள்.

இன்றைக்குக் கும்பப்பூ பால் பிடித்து நிற்கிறது.
ஜெயித்த அந்த ஒரு முழத்தில்தான்
கிளிகள் முதலில் இறங்கின.
மூச்சுப் பிடித்து ஊதினேன்.
ஒன்று மட்டும் தலையைச் சாய்த்து
என்னைப் பார்த்தது.
பிறகு அதுவும் தின்னத் தொடங்கியது.